நம் நிதியின் ஆறு வரிகள்



நீளமான பதிவு. காபி கலந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்களுக்குப் பாதி தெரிந்த கதையாக இருக்கும். சித்தி, அத்தை, மாமாக்களுக்கு எல்லாமே புதிதாக இருக்கும். யாரும் நடுவில் எழுந்து போக வேண்டாம். கடைசியில் உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

நம் கல்வி உதவி நிதியின் ஆப்பில் டேட்டாபேஸ் விவரங்களை எந்த வடிவக் கோப்பில் எழுதி வைப்பது என்று மூன்று வாரமாக வாட்ஸ்அப் குரூப்பில் ஓடிய வாக்குவாதம் முடிந்தது. டோமல் என்ற வடிவத்தில் வைக்கிறோம். பாஸ்வேர்டு மட்டும் அதில் இருக்காது, தனியாக இருக்கும். "மிஸ், இதுக்குப் போய் மூணு வாரமா? ஏதோ ஒண்ணு போட்டா ஓடாதா?" என்று பலர் கேட்டீர்கள். என் அக்காவோ, "ரிடையர் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு, உனக்கு எதுக்குடி இந்த ஃபைல் வம்பு?" என்றாள். எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் என்ன பணயம் என்று சொல்லிவிடுகிறேன். நிதியில் இப்போது அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் மயிலாப்பூர், மந்தைவெளி, சாந்தோம் பக்கத்துப் பிள்ளைகள். யாருக்கு எந்தப் பள்ளியில் எவ்வளவு கட்டணம், எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், எந்த பேட்ச் அதற்குப் பணம் கொடுத்திருக்கிறது என்பதெல்லாம் அந்த ஆப்பில்தான் இருக்கிறது. முன்பு நான் நீல அட்டை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பிள்ளைகள் கூடியபோது நோட்டு போதவில்லை. நம் மாணவன் ஒருவன் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பைத்தான் மொழியில், ஜாங்கோ என்ற கட்டமைப்பை வைத்து ஆப்பை எழுதிக் கொடுத்தான். காசு ஒன்றும் வாங்கவில்லை. அவன் நன்றாக இருக்க வேண்டும்.

போன ஜூன் மாதம், பள்ளி திறக்கும் வாரம், நாம் சர்வர் வாடகைக்கு எடுத்திருக்கும் நிறுவனம் டேட்டாபேஸை வேறு இயந்திரத்துக்கு மாற்றியது. புது முகவரியை நம் ஆப்பில் எழுத வேண்டும். ஒரு வரி வேலை. ஆனால் ஆப் எழுதிய பையன் வெளிநாடு போய்விட்டான். அந்த வாரம்தான் அவனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அவனைத் தொந்தரவு செய்ய மனசு வரவில்லை. அடையாறில் இருக்கும் இன்னொரு மாணவன் உள்ளே போய்ப் பார்த்து, முகவரியை மாற்றினான். ஆப் திறந்தது. எல்லோரும் கைதட்டும் படம் அனுப்பினோம்.

கட்டணம் கட்டும் பட்டியல் மட்டும் வரவேயில்லை. அதைத் தயார் செய்வது தனியாக இரவில் ஓடும் ஒரு சின்ன புரோகிராம். அதற்குள்ளும் அதே முகவரி, தனியாக, எழுதப்பட்டிருந்தது. காலையில் பிரதி எடுத்து வைக்கும் மூன்றாவது புரோகிராமிலும் அப்படியே. இதைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளில் பிளஸ் ஒன் சேர வேண்டிய ஒரு பெண்ணின் அம்மா பள்ளி அலுவலக வாசலில் நின்று எனக்கு போன் செய்தாள். "டீச்சர், இன்னிக்குக் கட்டலைன்னா வேற பிள்ளைக்கு சீட்டைக் குடுத்துடுவாங்களாம்" என்றாள். நாங்கள் கையிலிருந்த பணத்தைப் போட்டுக் கட்டினோம். சீட் கிடைத்தது. அந்த அம்மாவுக்கு முகவரி வரி, புரோகிராம் எதுவும் தெரியாது. நிதி கைவிட்டுவிட்டது என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.

இனி அந்த விவரங்கள் ஒரே இடத்தில், எவரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும் என்று அன்றே தீர்மானித்தோம். எப்படி எழுதி வைப்பது என்பதில்தான் மூன்று வாரம் போயிற்று.

உறவுகளுக்காக ஒரு விளக்கம். ஆப் என்பது சமையல்காரர் மாதிரி. டேட்டாபேஸ் என்பது சாமான் அறை. சமையல்காரருக்கு அறை எங்கே, எந்த வாசல், எந்த அலமாரி, யார் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும், சாவி எது, சாமான் பெயர்கள் எந்த எழுத்தில் எழுதியிருக்கின்றன என்று தெரிய வேண்டும். ஆறு வரி. சர்வரின் முகவரி, போர்ட் எண் (நாம் வைத்திருக்கும் மைஎஸ்கியூஎல்லுக்கு வழக்கமாக 3306), டேட்டாபேஸின் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு, எழுத்துக் குறியீடு. இந்த ஆறு வரியைத் தாங்கும் கோப்புதான் விஷயம்.

இதற்கு உலகத்தில் ஒரே வழி இல்லை. நீங்கள் தினமும் பார்க்கும் மென்பொருள்களே ஆளுக்கொரு வழியில் போகின்றன. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் டேட்டாபேஸ் விவரங்கள் பிஎச்பி மொழியிலேயே எழுதிய ஒரு கோப்பில் இருக்கும். நடுவில், இதோடு திருத்துவதை நிறுத்திக்கொள் என்று ஒரு குறிப்பும் இருக்கும். எழுதியவருக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது! நம் ஊர் நூலகங்கள் பலவும் பயன்படுத்தும் கோஹா, நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக 1999-ல் எழுதத் தொடங்கியது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. அதில் இந்த விவரங்கள் எக்ஸ்எம்எல் வடிவத்தில் இருக்கின்றன. மும்பையில் பிறந்த ஈஆர்பிநெக்ஸ்ட் நிற்கும் ஃப்ராப்பே கட்டமைப்பில் ஜேசன் வடிவம். ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதுகிறவர்களுக்கு யாமல் வடிவம். எல்லாம் நல்ல மென்பொருள்கள். எல்லாம் ஓடுகின்றன. ஆகவே எது ஓடும் என்பது நம் கேள்வியாக இருக்க முடியாது. நமக்கு, சம்பளம் இல்லாத, கை மாறிக்கொண்டே இருக்கும் தொண்டர்களுக்கு, எது பொருந்தும் என்று பார்த்தோம்.

நடேசன் பூங்காவுக்குப் பக்கத்தில் தி.நகர் மாணவி ஆடிட்டர் அலுவலகம் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் கூடினோம். முதல் ஞாயிறே எக்ஸ்எம்எல் வெளியே போயிற்று. 1998-ல் வந்த வடிவம், உறுதியானது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு திறப்பு, ஒரு மூடல் போட வேண்டும். ஆறு வரி விஷயம் இருபது வரியாக வீங்கும். பாஸ்வேர்டில் & என்ற குறி இருந்தால் அதை அப்படியே எழுத முடியாது, அதற்கென்று ஒரு சங்கேதம் எழுத வேண்டும். அவசரத்தில் இருக்கிறவருக்கு அது நினைவுக்கு வராது.

பைத்தான் கோப்பிலேயே வைக்கலாம் என்றது அடையாறு. ஜாங்கோவில் வழக்கமே அதுதான். ஆனால் இரவில் ஓடும் மற்ற இரண்டு புரோகிராம்களில் ஒன்று பைத்தானில் இல்லை. அதற்கு இந்தக் கோப்பைப் படிக்கத் தெரியாது. ஜூன் மாத வம்பு வந்ததே அதனால்தான். தவிர, புரோகிராம் மொழியில் எழுதிய கோப்பில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். இன்று முகவரி இருக்கும், நாளை அதற்குள் ஒரு கணக்கு, நாளன்றைக்கு ஒரு நிபந்தனை. விவரத்தாள் புரோகிராமாக வளர்ந்துவிடும்.

அடுத்தது ஜேசன். அதன் ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். எல்லா மொழிக்கும் படிக்கத் தெரியும். எழுத்தென்றால் மேற்கோள் குறி கட்டாயம். எண்ணென்றால் எண். குழப்பமே கிடையாது. இரண்டு குறை. கடைசி வரிக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி தவறிப் போய் நின்றால் மொத்தக் கோப்பையும் ஏற்காது. அதையாவது பொறுக்கலாம். ஜேசனில் குறிப்பு எழுத இடமே இல்லை என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதை வடிவமைத்த டக்ளஸ் கிராக்ஃபோர்ட் தெரிந்தேதான் எடுத்தார். குறிப்புக்குள் இயந்திரத்துக்கான கட்டளைகளை ஒளித்து வைக்க ஆரம்பித்தார்களாம். அப்படிப் போனால் ஒருவர் எழுதியதை இன்னொருவரின் புரோகிராம் படிக்க முடியாமல் போகும் என்பது அவர் கவலை. இரண்டு இயந்திரங்கள் பேசிக்கொள்ள அது சரிதான். ஃப்ராப்பேயில் அந்தக் கோப்பைப் பெரும்பாலும் ஒரு புரோகிராமே எழுதிவிடுகிறது, ஆகவே அங்கேயும் சரி. நம் கோப்பை மனிதர் எழுதுவார், அவரைப் பார்த்திராத இன்னொரு மனிதர் படிப்பார். ஓரக்குறிப்பு இல்லாத கணக்கு நோட்டை எந்த ஆடிட்டராவது விரும்புவாரா என்று தி.நகரைக் கேட்டேன். சிரித்தாள்.

இப்போது யாமல். குரூப்பில் அதிகச் சூடு கிளம்பியது இங்கேதான். அதற்கு ஆதரவு நிறைய. அடைப்புக்குறி, மேற்கோள் குறி ஒன்றும் வேண்டாம். பெயர், பக்கத்தில் முக்காற்புள்ளி, பக்கத்தில் விவரம். கடைச் சீட்டு எழுதுவது போல எழுதலாம். குறிப்பும் எழுதலாம். பார்க்கவும் அழகு. பெரிய பெரிய நிறுவனங்களின் சர்வர் வேலை எல்லாம் அதில்தான் நடக்கிறது என்று பெங்களூர் பேட்ச் வாதாடியது. உண்மைதான்.

அவர்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். நம் ஆப்பில் ஊர்களின் எஸ்டிடி கோடு ஒரு பட்டியலாக இருக்கிறது. சென்னை 044. யாமலின் 1.1 பதிப்பில், மேற்கோள் குறி இல்லாமல் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்வார்கள். பைத்தானில் பலரும் பயன்படுத்தும் யாமல் நூலகம் இன்னும் அந்த வழக்கத்தில்தான் இருக்கிறது. பிளஸ் ஒன்னில் நான் பிரம்பில்லாமல் சொல்லிக் கொடுத்த எண்முறைப் பாடம் நினைவிருக்கிறதா? நான்கு எட்டு முப்பத்திரண்டு, அதோடு நான்கு, ஆக 36. சென்னை 044 என்று எழுதினால் இயந்திரம் 36 என்று படிக்கும். மதுரை 0452 என்று எழுதினால் 298. கோவை 0422 என்றால் 274. நாமக்கல் மட்டும் தப்பிக்கும். 04286-ல் ஓர் எட்டு இருக்கிறது, எட்டடிமானத்தில் எட்டு என்ற இலக்கமே கிடையாது, ஆகவே எழுத்தாகவே விட்டுவிடும். ஒரே பட்டியலில் சில ஊர் எண்ணாகும், சில ஊர் எழுத்தாகும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

இது இதோடு நிற்காது. காலை 6:30 என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால் அதே பழைய பதிப்பில் அது அறுபதடிமான எண்ணாகி 390 என்று ஆகும். எஸ், நோ, ஆன், ஆஃப் என்ற ஆங்கிலச் சொற்கள் எல்லாம் உண்மை, பொய் என்ற இரண்டில் ஒன்றாக மாறும். நார்வே நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடு என், ஓ. நாடுகளின் பட்டியலை யாமலில் எழுதியவர்களுக்கு நார்வே இருக்க வேண்டிய இடத்தில் 'பொய்' என்று வந்தது. உலகம் முழுவதும் புரோகிராம் எழுதுகிறவர்கள் இதற்கு நார்வே பிரச்சினை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2009-ல் வந்த 1.2 பதிப்பில் இதைச் சரி செய்துவிட்டார்கள். ஆனால் நாம் போடும் நூலகம் எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்று ஒவ்வொரு முறையும் யார் பார்ப்பார்கள்?

"மேற்கோள் குறி போட்டுட்டா எல்லாம் சரியாயிடும் மிஸ்" என்றான் ஒருவன். சரியாகும்தான். போட வேண்டும் என்று தெரிந்தவன் போடுவான். போடாவிட்டாலும் ஓடுகிற இடத்தில், தெரியாதவன் போட மாட்டான். நம் பாஸ்வேர்டை அடுத்த வருடம் மாற்றப் போகிறவர் யாரென்று நமக்கே தெரியாது. அவர் எண்களாகவே, பூஜ்யத்தில் தொடங்கி ஒரு பாஸ்வேர்டு வைத்தால், ஆப் வேறொரு எண்ணைச் சொல்லிக் கதவைத் தட்டும். உள்ளிருந்து தவறான பாஸ்வேர்டு என்று பதில் வரும். அவர் கோப்பைத் திறந்து பார்ப்பார். சரியாகத்தான் எழுதியிருக்கும். இதைவிடக் கொடுமை வேண்டுமா?

பழைய விண்டோஸ் காலத்து ஐஎன்ஐ வடிவத்தையும் பார்த்தோம். எளிமை. எல்லாமே எழுத்து. ஆனால் அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட இலக்கணம் கிடையாது. குறிப்பு எங்கே தொடங்குகிறது என்பதில்கூட ஆளுக்கொரு வழக்கம். பைத்தானின் சொந்த ஐஎன்ஐ படிப்பான், பாஸ்வேர்டில் % குறி வந்தால் அதற்கு வேறு அர்த்தம் பார்க்கும்.

டோமல் 2013-ல் வந்தது. கிட்ஹப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் உருவாக்கியது. 1.0 பதிப்பு 2021 ஜனவரியில் வந்தது. பார்வைக்கு ஐஎன்ஐ மாதிரி, கட்டுப்பாட்டில் ஜேசன் மாதிரி. எழுத்தென்றால் மேற்கோள் குறி கட்டாயம். 044 என்று வெறுமனே எழுதினால் தானாக எதையும் அனுமானிக்காது. தவறு என்று சொல்லி நின்றுவிடும். எந்த வரி என்றும் பைத்தான் சொல்லும். # போட்டால் அதற்குப் பின்னால் குறிப்பு. 2022-ல் வந்த பைத்தான் 3.11 முதல் இதைப் படிக்கும் நூலகம் மொழியோடேயே வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

இதற்கும் குறை உண்டு. விவரங்கள் அடுக்குக்குள் அடுக்காகப் போனால் டோமல் படிக்க அசிங்கமாகிவிடும். நூற்றுக்கணக்கான சர்வர்களை வைத்திருப்பவர்கள் யாமலை விரும்புவதற்கு நியாயம் இருக்கிறது. நம் கோப்பு, குறிப்புகளோடு சேர்த்து, ஒரு பக்கம்தான்.

வாதம் போதும் என்று ஒரு ஞாயிறு தேர்வு வைத்தேன். வாத்தியார் புத்தி! ஒரே விவரத்தை ஜேசன், யாமல், டோமல் மூன்றிலும் எழுதி, தி.நகர் மாணவி கையில் கொடுத்தேன். அவளுக்கு டேலி தெரியும், எக்செல் தெரியும், புரோகிராம் தெரியாது. "ஜூன் மாசம் நீ மட்டும்தான் இருக்கே, சர்வர் முகவரி மாறிடுச்சு. மாத்தும்மா" என்றேன். யாமலில் வரியை உள்ளே தள்ள டாப் விசையைத் தட்டினாள். யாமல் அதை ஏற்காது, இடைவெளி விசைதான் தட்ட வேண்டும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பாவம், விழித்தாள். ஜேசனில் கடைசிக் காற்புள்ளி. டோமலிலும் முதல் முறை ஒரு மேற்கோள் குறியை அழித்துவிட்டாள். ஆனால் மூன்றாம் வரி என்று செய்தி வந்தது. மூன்றாம் வரியைப் பார்த்தாள், குறியைப் போட்டாள், ஓடியது. அதோடு பெங்களூர் பேட்ச் அமைதியானது.

குறிப்பு எதற்கு இவ்வளவு முக்கியம் என்று கேட்டவர்களுக்கு ஆறாவது வரியைக் காட்டுகிறேன். எழுத்துக் குறியீடு. நாம் வைத்திருப்பது யுடிஎஃப்8எம்பி4. மயிலாப்பூர் என்ற சொல் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் 11 குறியீடுகள், ஏனென்றால் யி, லா, ப், பூ, ர் ஒவ்வொன்றும் மெய்யும் துணைக்குறியுமாக இரண்டு. ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட். ஆக 33 பைட். மைஎஸ்கியூஎல்லில் பல வருடங்கள் இயல்பாக இருந்த லத்தீன்1 குறியீட்டில் இதற்கு இடமே இல்லை. பழைய சர்வர்களில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக வரிசை கட்டி நின்றதைப் பார்த்திருப்பீர்கள்.

அதற்குப் பின் அவர்களே யுடிஎஃப்8 என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அது ஒரு குறியீட்டுக்கு 3 பைட் வரைதான் தாங்கும். க, ங, ச எல்லாம் அடங்கிவிடும். நீங்கள் அனுப்பும் சிரிக்கும் முகங்கள் அடங்காது. 2019-ல் யூனிகோடில் சேர்ந்த நம் பழைய முந்திரி, காணி போன்ற பின்னக் குறிகளும் அடங்காது, அவற்றுக்கு 4 பைட் வேண்டும். இதற்காக 2010-ல் வந்ததுதான் எம்பி4. 2018-ல் 8.0 பதிப்பில்தான் அது இயல்பாக ஆனது. இந்தக் கதை தெரியாத ஒருவர் அந்த வரியைப் பார்த்தால் என்ன செய்வார்? எம்பி4 என்ற வால் ஏதோ தட்டச்சுப் பிழை என்று வெட்டிவிடுவார். அதனால் அதற்கு மேலே ஒரு குறிப்பு இருக்க வேண்டும்.

அந்தக் குறிப்பு தமிழிலேயே இருக்கட்டும் என்றேன். டோமல் கோப்பு யுடிஎஃப்-8 குறியீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கணத்திலேயே இருக்கிறது, ஆகவே தமிழுக்குத் தடை இல்லை. இப்போது நம் கோப்பில் ஆறாவது வரிக்கு மேலே இருப்பது இது: "இதில் எதையும் சுருக்க வேண்டாம். சுருக்கினால் சில குறிகளைச் சேமிக்க முடியாமல் போகும்." முதல் வரிக்கு மேலே: "முகவரி இங்கே மட்டும்தான் இருக்கிறது. மூன்று புரோகிராம்களும் இதைத்தான் படிக்கின்றன." எழுதிய தேதியும் பக்கத்தில் இருக்கிறது.

இனி பாஸ்வேர்டு. அடுக்குமாடி வீடுகளில் சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவார்கள். வேலைக்கார அம்மாவுக்கும் தெரியும், பேப்பர் போடும் பையனுக்கும் தெரியும், தெரியாதவர் யாருமில்லை. புரோகிராமோடு பாஸ்வேர்டையும் கிட்டில் ஏற்றி வைப்பது அதுதான். பிறகு அழித்துவிட்டோம் என்றாலும் போகாது. கிட் பழைய பக்கங்களையெல்லாம் வைத்திருக்கும். ஒருமுறை ஏறிவிட்டால் பாஸ்வேர்டையே மாற்றுவதுதான் வழி.

2011-ல் ஹீரோக்கு என்ற நிறுவனத்தார் எழுதிய பன்னிரண்டு விதிகள் புரோகிராம் உலகில் பிரபலம். மூன்றாவது விதி இதைப் பற்றியது. உன் புரோகிராமை இந்த நிமிடமே ஊரறியத் திறந்து வைத்தால் ஏதாவது ரகசியம் வெளியே போகுமா என்று கேட்டுப் பார், போகும் என்றால் உன் அமைப்பு சரியில்லை என்கிறது. ஊர் முழுக்கப் பார்க்கட்டும் என்று நம் டோமல் கோப்பைத் திறந்து வைக்கலாம், எதுவும் போகாது. பாஸ்வேர்டு சர்வரிலேயே தனியாக ஒரு சின்னக் கோப்பில் இருக்கிறது. அதன் அனுமதி எண் 600. நம் பின்கோடின் முதல் மூன்று இலக்கம் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். இதுவும் எட்டடிமானம்தான்! ஆறு என்றால் சொந்தக்காரர் படிக்கலாம் (4), எழுதலாம் (2). அடுத்த இரண்டு பூஜ்யமும் வேறு எவருக்கும் எதுவும் இல்லை என்று அர்த்தம்.

இந்த அறுபது பிள்ளைகளின் பெயர், வீட்டு முகவரி, அப்பா வருமானம், சிலருடைய வீட்டில் நடந்த துக்கம் எல்லாம் அந்தப் பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருக்கிறது. நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும். என்னிடம் ரகசியமாகச் சொன்னதை ஊர் படிக்கும்படி விட்டால் அந்த அம்மாக்களின் முகத்தில் நான் எப்படி முழிப்பது?

"அப்போ எல்லாத்தையும் சர்வரோட சூழல் மாறிகளிலேயே வெச்சுடலாமே மிஸ்" என்று அடையாறு கேட்டான். நல்ல கேள்வி. அங்கே எல்லாமே வெறும் எழுத்து. பொய் என்று எழுதி வைத்தாலும், காலியில்லாத எழுத்துக்கோவை என்பதால் பைத்தான் அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளும், நாம் பிரித்துச் சொல்லாவிட்டால். குறிப்பும் எழுத முடியாது. பாஸ்வேர்டுக்கு மட்டும் சரி. அது எழுத்துதானே.

ஒரே விவரம் இரண்டு இடத்தில் இருந்தால் எது செல்லும் என்றும் எழுதி வைத்துவிட்டோம். நம் ஊரில் எந்த வீட்டு வாசலிலும் பழைய எண் 14, புதிய எண் 31 என்று இரண்டு இருக்கும். தபால்காரருக்குப் பழக்கம். புதிதாக வரும் கூரியர் பையன் தெருவை இரண்டு முறை சுற்றுவான். நம் கோப்பில் அந்தச் சுற்றல் கிடையாது. பாஸ்வேர்டு தனிக் கோப்பில் மட்டும், மீதி ஐந்து வரி டோமலில் மட்டும். இரண்டிலும் ஒன்று இருந்தால் ஆப் ஓட மறுத்து, ஏன் என்று சொல்லும்.

அக்கா கேட்டதற்குப் பதில் இன்னும் சொல்லவில்லை. எனக்கு எதற்கு இந்த வம்பு? நோட்டு என் கையில் இருந்தவரை என் கையெழுத்து புரியாதவர்கள் என்னைக் கேட்டார்கள். நான் பதில் சொன்னேன். ஆப் எழுதிய பையன் இங்கே இருந்தவரை அவனைக் கேட்டோம். இரண்டுமே ஒரு ஆளை நம்பி இருந்த ஏற்பாடு. இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பிளஸ் டூ முடிக்க இன்னும் ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை நிதி ஓட வேண்டும், யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எழுதியவரைக் கேட்காமலே படிக்க முடிகிற ஒரு பக்கம் வேண்டும். அதற்குத்தான் மூன்று வாரம். இன்னும் ஒரு வாரம் ஆகியிருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

இப்போது நான் சொன்ன வேலை.

ஒன்று. சர்வருக்குள் போகும் உரிமை இனி மூன்று பேரிடம் இருக்கும். இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் சென்னையிலேயே இருப்பவராக, 2010-க்குப் பின் படித்தவராக இருந்தால் நல்லது. கமென்டில் கை தூக்குங்கள்.

இரண்டு. பாஸ்வேர்டு எழுதிய ஒட்டிய கவர் தி.நகர் அலுவலகத்துப் பெட்டகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும், பள்ளி திறப்பதற்கு முன்பே, பாஸ்வேர்டை மாற்றிக் கவரையும் மாற்ற வேண்டும். ஏப்ரல் வந்தால் எனக்கு நினைவூட்ட ஒருவர் வேண்டும்.

மூன்று. இது உறவுகளுக்கு. கோப்பில் உள்ள தமிழ்க் குறிப்புகளை நாளை ஒரு படமாகப் போடுகிறேன், பாஸ்வேர்டு அதில் இல்லை. கம்ப்யூட்டர் தெரியாதவர்கள்தான் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். எந்த வரி புரியவில்லையோ அதைச் சொல்லுங்கள், மாற்றி எழுதுகிறோம்.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஆப் எழுதிய பையனுக்கு: குழந்தைக்கு என்ன பேர் வைத்தாய், படம் அனுப்புடா. ஆப் நன்றாக ஓடுகிறது. ராத்திரி போன் வராது, தூங்கு.

அன்புடன்,
உங்கள் கணக்கு மிஸ்
மயிலாப்பூர்